பதினோரு பச்சைக் கட்டங்கள்

தையற்காரி கேமராக்களின் கண்ணிலிருந்து மறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு. அன்று தக்காளி மலிவு.

அவள் புருஷன் நகரத்துக் கண்காணிப்பு அறையில் நாற்பது திரைகளுக்கு முன்னால் உட்காருபவன். சாலைகளைப் பார்க்கத்தான் சம்பளம். அவன் பார்த்ததோ பெண்டாட்டியை. கல்யாணமாகி ஆறு வருஷமாக, எங்கே போனாய் என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் தெரியுமே! காய்கறிக் கடையில் அவள் சிரித்தால் இங்கே இவனுக்கு வயிறு எரியும். "காய்க்காரன்கிட்ட அப்படி என்ன சிரிப்பு?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். அவள் மிச்சத் துணிகளை அள்ளிப்போட்டு, பாதி மூக்கு, கால் வாய், ஒற்றைக் கண் என்று வெட்டி, ஒட்டுப்போட்டு ஒரு மேல்சட்டை தைத்துக்கொண்டாள்.

முகத்தைக் கண்டால் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடுவது கேமராவின் வழக்கம். அந்தச் சட்டையைக் கண்டதும் பதினோரு கட்டம் போட்டது. இவன் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினான்.

"யாருடி அந்தப் பதினோரு பேரு?"

"பத்து துணி. ஒண்ணு நான். அது எதுன்னு உங்களுக்கே தெரியலையா?"

தக்காளி மலிவான அந்தச் செவ்வாய்க்கிழமை கேமரா எண்ணிச் சலித்துப்போய், அங்கே ஆளே இல்லை என்று முடிவுகட்டியது. திரையில் ஒரு கூடை மட்டும் தனியே நடந்தது. வெறும் காற்றைப் பார்த்துக் காய்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். பாவி, அதைப் பார்த்துத்தான் இவன் பாதி உடம்பானான். தெருவில் எல்லோரும் அதே சட்டை கேட்டார்கள். மூன்று வருஷத்தில் திரைகளில் நகரமெங்கும் குடைகளும் பைகளுமே நடமாடின.

பிறகு ஒரு மாலை வீட்டிலும் அவன் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. கத்தரிக்கோல் தானாகத் துணியை வெட்டியது. சட்டையைக் கழற்றிப் பார்த்தாள், பயனில்லை. அவளைத் திரையிலேயே பார்த்துப் பழகிய கண், கேமராவின் கட்சியில் சேர்ந்துவிட்டது. கண் மருத்துவர் சோதித்துவிட்டு, அதே அறையில் வேலை பார்க்கும் இன்னும் மூன்று பேருக்கும் இதே கதைதான் என்றார்.

இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இருக்கியா?" என்கிறான். மனசிருந்தால், "இருக்கேன்" என்கிறாள். எங்கே போனாள், எதற்குச் சிரித்தாள் என்று கேட்டால் சொல்கிறாள், அவன் நம்புகிறான். காய்க்காரனுக்கு மட்டும் அவள் நன்றாகத் தெரிகிறாள் என்பதில் வயிறு இன்னமும் எரிகிறது.

"இன்னிக்கு என்ன கலர் உடுத்தியிருக்கே?" என்று நேற்றுக் கேட்டான்.

"நீலம்," என்றாள்.