நாலாவது தட்டு

...இல்லை, மூடி மாறியிருக்க வேண்டும், மூடிகளை வரிசையாகத்தான் கவிழ்த்து வைத்தாள், அப்படியானால் குப்பியே மாறியதா, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள், அதே குழிகள், அம்மைத் தழும்பு போல. தாடையில் இறக்கும் பல் திருகாணிக்கான அதே டைட்டானியத்தில் பொட்டளவுத் தட்டுகள், ஒன்று குளிர்பானத்தில், ஒன்று எலுமிச்சைச் சாற்றில், ஒன்று மெல்லும் புகையிலை ஊறிய நீரில், எது எவ்வளவு அரிக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நாலாவது வெறும் எச்சிலில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அது பளபளவென்றே இருந்திருக்க வேண்டும்... இதில் குழி எங்கிருந்து வந்தது? செயற்கை எச்சில் கடையிலேயே கிடைக்கும், எல்லோரும் அதைத்தான் ஊற்றுவார்கள், இவளுக்குத்தான் அசல் வேண்டும் என்று அடம், வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு, தினமும் காலையில் கணவர் துப்பிக் கொடுத்ததைக் கொண்டுவந்து மாற்றி ஊற்றினாள். "ஊர்ல எவன் பொண்டாட்டியாவது எச்சிலைக் கேட்டு வாங்கிட்டுப் போவாளா?" என்று சிரிப்பார்.

கடைவாய்ப் பற்கள் போய்த் திருகாணி இறக்கிய அன்றே அவர் புகையிலையை விட்டுவிட்டார். விட்டுவிட்டதாகச் சொன்னார். இனித் தொட்டால் திருகாணியும் நிற்காது, கன்னத்தின் உள்ளே இருக்கும் வெள்ளைத் திட்டும் சும்மா இருக்காது என்று மருத்துவர் சொன்னபோது இவள் அழுதுவிட்டாள், "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, எனக்குத்தான் பல்லு வந்துருச்சே, சொன்ன சொல்லு நிக்கும்மா" என்றார், நம்பாமல் என்ன செய்வது, நம்பினாள்... ஒருவேளை எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுத் துப்பியிருந்தால்? ஆனால் எலுமிச்சைத் தட்டு சமமாக மங்கித்தான் இருக்கிறது, குழி விழுந்தது புகையிலைத் தட்டில்தான்... மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், அதுவும் நாலாவதும் அக்கா தங்கை போல இருந்தன. சே, என்ன நினைப்பு இது. குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள், குற்றம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவள் எங்கே போவாள்?

"என்னக்கா, நாலாவது கெட்டுப்போச்சா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "நான்தான் இடுக்கியைக் கழுவாம போட்டிருப்பேன்" என்று வாய் தானாகச் சொன்னது. இவள் இடுக்கியைக் கழுவாமல் விட்டதே இல்லை, அது பக்கத்து மேசைக்காரிக்கும் தெரியும், அவள் தன் குப்பிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்மிடம்தான் தப்பு என்று இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்... எச்சிலில் புகையிலை உண்டா என்று காட்டும் பட்டை மேல் அலமாரியில்தான் இருக்கிறது, எட்டி எடுத்தால் தெரிந்துவிடும், கைதான் எழவில்லை. பட்டை எதற்கு, பக்கத்தில் போனாலே அந்த வாடை வருமே, கட்டிய மனைவிக்குத் தெரியாதா, என்று நினைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் முகத்தருகே தன் முகம் கடைசியாகப் போனது எப்போது, யோசித்தாள், யோசித்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.