மேல்கோட்டைக்குக் கேட்ட குரல்

கோட்டை யார் கைக்குப் போனாலும் ஸைத்தூன் அலட்டிக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் துஆ என்று இறைவனிடம் வேண்டும்போது சொல்கிற சுல்தான் பெயர் மாறும், அவ்வளவுதான். பள்ளிவாசலில் பிரசங்கம் செய்வது அவள் கணவர் ரிள்வானின் பரம்பரை வேலை. அவருடைய பாட்டனார் ஸெங்கி வம்ச சுல்தான்களின் பெயரை வாசித்தார். மாமனார் அய்யூபிகளின் பெயரை வாசித்தார். பெயரை வாசித்தாகிவிட்டால் கத்தி உறைக்குள் போய்விடும், பிறகு இந்த மலையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாது. ஊரே அப்படித்தான் நம்பியது. பாவி, அவளும் நம்பினாள்.

இந்தத் தடவை கீழ்க்கோட்டை மட்டும்தான் விழுந்தது. உச்சியில் மேல்கோட்டைக் கதவு இன்னும் அடைத்தே கிடந்தது. உள்ளே இருந்த காவலர்களில் ஒருவன் அவளுடைய ஒரே பிள்ளை மிக்தாத்.

புது சுல்தானின் தளபதி ரிள்வானைக் கூப்பிட்டனுப்பினான். "எங்க சுல்தான் பேரை நீங்க வாசிங்க. அதைக் கேட்டு மேல இருக்கிறவங்க இறங்கி வந்தா, அவங்க உயிருக்கு நான் பொறுப்பு" என்றான்.

வீட்டுக்கு வந்தவர் பருப்புக் கஞ்சியைத் தொடவே இல்லை.

"எனக்கு மனசு ஒப்பல, ஸைத்தூன். அவன் பார்வையே சரியில்ல."

"பார்வையை வச்சுக் குறி சொல்றீங்களாக்கும்! உங்க வாப்பா வாசிக்கலையா? யாரு செத்தா?"

"அப்ப மேல யாரும் கதவை அடைச்சுக்கிட்டு இல்லையேடி."

"இப்ப இருக்கானே! தொட்டியில தண்ணி வத்தி என் புள்ள தொண்டை காஞ்சு கிடக்கான். நீங்க வாசிக்கலேன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியாது, சொல்லிட்டேன்."

வாயாடி அவளை ஜெயிக்க அவரால் என்றைக்கு முடிந்தது? புதுப் பெயர் வாலும் தலையுமாக நீளமாக இருந்தது. எதிரே உட்கார்ந்து, நாக்குத் திருந்தும்வரை அவளே சொல்லவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ரிள்வான் வாளை ஊன்றியபடி மிம்பர் மேடையில் நின்று வாசித்தார். பெயர் பிசகவில்லை. வெண்கலக் குரல் அவருக்கு, பாறையில் மோதி உச்சிவரை போயிருக்கும். பெயருக்குப் பின்னால் வந்த துஆ எதுவும் ஸைத்தூன் காதில் விழவில்லை. பிள்ளை வரப்போகிறான் என்ற சந்தோஷத்தில் எல்லாரையும்விட உரக்க ஆமீன் சொன்னாள்.

தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மேல்கோட்டைத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. உதடு வெடித்துப்போய் ஒவ்வொருவராக இறங்கினார்கள். குடத்தோடு ஓடினாள்.

"மெதுவாடா, பொறையேறிடப் போகுது."

மிக்தாத் குடித்துவிட்டுச் சிரித்தான். "மத்தவங்கல்லாம் இது சூழ்ச்சின்னாங்க, உம்மா. எங்க வாப்பா பொய்க்கு வாசிக்க மாட்டாருன்னு நான்தான் சண்டை போட்டுக் கதவைத் திறக்க வச்சேன்."

ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லி அவர்களைக் கூட்டிப்போனார்கள். மாலை அஸர் தொழுகைக்குள் மதிலடியில் ஒருவரையும் உயிரோடு மிச்சம் வைக்கவில்லை. அந்தத் தளபதியெல்லாம் ஒரு மனுஷனா!

அடுத்த வெள்ளிக்கிழமை ரிள்வானைக் கூட்டிப்போகச் சிப்பாய்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"நீ சொல்லு. போகட்டுமா?" என்று அவளிடம் கேட்டார்.

ஸைத்தூன் அணைந்து கிடந்த அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் போனார். வீட்டில் கால் தரிக்காமல் அவளும் பின்னாலேயே போய்ப் பெண்கள் பக்கம் நின்றாள். அதே நீளப் பெயரை அவர் வாசித்தார். பின்னால் வந்த துஆவை அன்றைக்குத்தான் அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

"யா அல்லாஹ், இவருடைய பகைவர்களை இந்த மலையில் ஒருவர் மிச்சமில்லாமல் அழிப்பாயாக."

போன வாரமும் இதையேதான் வாசித்திருந்தார்.