பெர்பின்யானுக்கு ஒரு டிக்கெட்

என் கணவன் வோல்கரைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன், ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலம் இல்லாமல் ரயில் பயணங்களை அளக்க ஆரம்பித்தான். எங்கே போவதானாலும் கணினியில் ஒரு அட்டவணை போட்டுவிடுவான். ஒரு பக்கம் தனித்தனி டிக்கெட், மறுபக்கம் ஐரோப்பா முழுக்கச் செல்லும் ரயில் பாஸ். வியன்னாவுக்குப் போனோம், கோபன்ஹேகனுக்குப் போனோம், இரண்டு தடவையும் பாஸ்தான் ஜெயித்தது. அதைச் சொல்லிச் சொல்லியே நண்பர்களை விரட்டிவிட்டான். அவனைக் கண்டால் யாரும் ரயில் பேச்சையே எடுப்பதில்லை.

மே மாதத் தொடக்கத்தில் என் தங்கை இர்மெலா போன் செய்தாள். அவள் இருப்பது பிரான்ஸின் தென்கோடியில், பெர்பின்யானில். ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த பதினோரு மாதமும் நான் ஒருத்தியே தூக்கினேன், துடைத்தேன், ஊட்டினேன். இவள் மூன்று அஞ்சலட்டை அனுப்பினாள். அடக்கத்துக்கு வந்தவளிடம் கல்லறை வாசலில் வைத்தே, இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டேன். அவளும் விழிக்கவில்லை.

"கணையத்துல வந்திருக்கு, கெர்லிண்டே" என்றாள். "வைத்தியத்த எல்லாம் நிறுத்தியாச்சு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறியா?"

"வர்றேன்" என்றேன்.

விமானத்தில் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஏப்ரலில்தான் என் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். அது கரைகிறவரை விமானத்தில் ஏறினால் கண் போய்விடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். காரை நான்கு வருடத்துக்கு முன்பே விற்றாகிவிட்டது. அதுவும் வோல்கரின் அட்டவணை சொன்ன யோசனைதான்.

"வர்ற புதன்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் போட்டுடு" என்றேன் அவனிடம்.

"டிக்கெட்னா அந்த நாள், அந்த வண்டி. அன்னிக்கு உனக்குக் கண் வலி வந்தா? அவள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டா? காசு தண்டம். பாஸ்னா எந்த நாள் வேணும்னாலும் கிளம்பலாம். நாலு நாளுக்கான பாஸும் போக வர டிக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான்."

"போக ஒரு நாள், வர ஒரு நாள். மிச்ச ரெண்டு நாள் எதுக்கு?"

"அப்படியே கடலோரமா ஸ்பெயின் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு..."

"சாவப் பாக்கப் போற வழியில சுற்றுலாவா?"

"கணக்குக்குச் சொன்னேன். உடனே கோவிச்சுக்காத."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இர்மெலா எத்தனை நாள் இருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? பாஸ் வாங்கினோம், அவன் போனில் ஒன்று, என் போனில் ஒன்று. வாங்கிய கையோடு கிளம்பினோமா என்றால் இல்லை. முதலில் கண் பரிசோதனை வந்தது, பிறகு வோல்கரின் பாட்டுக்குழு கச்சேரி வந்தது, பிறகு சந்தையில் அஸ்பராகஸ் தண்டு கிடைக்கும் பருவம் முடியட்டுமே என்று ஒரு வாரம் போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் "பாஸ்தான் கையில இருக்கே" என்பான், நானும் தலையாட்டுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாக இருந்தது. அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். புதன்கிழமை என்று போட்ட டிக்கெட் ஒன்று கையில் இருந்திருந்தால் அந்தப் பயத்தோடேயே போய் இறங்கியிருப்பேன். இப்படியே ஐந்து வாரம் ஓடிப்போனது.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இர்மெலாவின் மகள் சொலேன் கூப்பிட்டாள். "பெரியம்மா, டாக்டர் ரெண்டு நாள் தாண்டாதுங்கறார். அம்மா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாளைக்கு வர முடியுமா?"

அன்றைக்கே எங்கள் ஊரான கார்ல்ஸ்ரூவின் ரயில் நிலையக் கவுன்டருக்குப் போனோம். பிரான்ஸுக்குள் ஓடும் அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் தனியாக முன்பதிவு செய்தாக வேண்டும். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"காலையில பாரிஸ் போற வண்டிக்கு ரெண்டு சீட் தர்றேன். அங்கிருந்து பெர்பின்யானுக்குப் பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு வண்டி. அதுல பாஸ்காரங்களுக்கு ஒதுக்கினது தீந்துபோச்சு. முழு டிக்கெட்டா வாங்கினா கிடைக்கும்."

"அப்ப வண்டியில எடம் இருக்கு?" என்றான் வோல்கர்.

"எடம் இருக்கு. பாஸுக்கு இல்ல."

"பாரிஸ் வரைக்கும் போதும், குடுங்க" என்றான். வெளியே வரும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "காலி சீட்ட வச்சுக்கிட்டு நம்மள எறக்கி விட்டுருவானா?"

பிரான்ஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்திதான். இங்கே முன்பதிவு என்பது சொகுசுக்கு. இல்லாதவன் ஏறுவான், காலியாக இருந்தால் உட்காருவான், இல்லாவிட்டால் கதவோரம் பெட்டி மேல் குந்திக்கொண்டு போவான். பிளாட்பாரத்துக்குத் தடுப்பு கிடையாது. வில்லங்கம் எதுவானாலும் வண்டிக்குள் பரிசோதகரிடம் பேசித் தீர்த்துக்கொள்வோம். பிறந்ததிலிருந்து இப்படியே ஏறி இறங்கியவர்களுக்கு, காலி இருக்கை உள்ள வண்டியில் ஏற முடியாது என்பது மண்டையில் ஏறாது. நானும் அந்தக் கவுன்டர் முன்னால்தான் நின்றேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. என் பையில் வங்கி அட்டையும் இருந்தது. கல்யாணமான முப்பத்தொரு வருடமாகப் பயணம் அவன் இலாகா, நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை வண்டி ஏறியதும் சொலேனுக்கு மூன்று மணி வாக்கில் அங்கே இருப்போம் என்று செய்தி அனுப்பினேன். பாரிஸில் நிலையம் மாறி, சுரங்க ரயிலில் பிதுங்கி, தெற்கே போகும் வண்டிகள் கிளம்பும் லியோன் நிலையத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பது நாற்பது.

"முதல்ல டிக்கெட் வாங்கிடலாம், வோல்கர்."

"வரிசையப் பாத்தியா? அரை மணி நேரம் ஆகும். ஏறிட்டுப் பேசிக்கலாம், வா."

பிளாட்பாரத்தின் வாயிலில் ஆளுயரக் கண்ணாடிக் கதவுகள். வோல்கர் போனைக் காட்டினான், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினான், மறுபடி சிவப்பு. பக்கத்தில் நின்ற ரயில்வே பெண் முன்பதிவு எங்கே என்று கேட்டாள்.

"பாஸ் இருக்கு. உள்ள எடம் இருக்கு. மிச்சத்தக் கண்டக்டர்கிட்டக் கட்டிடறோம்" என்றான் வோல்கர், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

"அப்படியெல்லாம் விட முடியாது, ஐயா. முழு டிக்கெட் வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு ரெண்டாவது தடவ காசு? இந்தப் பாஸுக்கும் உங்க வண்டிக்கும் சம்பந்தம் இல்லியா? விதியப் படிச்சுக் காட்டட்டுமா?"

படித்தும் காட்டினான். அவள் பொறுமையாகக் கேட்டாள், பிறகு தலையை ஆட்டினாள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இதிலேயே போயிற்று. கடைசியில் நான் குறுக்கே புகுந்து, என் தங்கை சாகக் கிடக்கிறாள் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"இத முதல்லயே சொல்லக் கூடாதா அம்மா? அதோ அந்த மெஷின்ல வாங்குங்க. சீக்கிரம் ஓடுங்க, ரெண்டு நிமிஷம் முன்னாடியே கதவ மூடிருவாங்க."

ஓடினேன். ஓட ஓடக் கண்ணுக்குள் குமிழ் குலுங்கித் தரை வளைந்து வளைந்து தெரிந்தது. மெஷினில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. ஊர்ப் பெயரைத் தட்டினேன், தப்பாகிவிட்டது, அழித்து மறுபடி தட்டினேன். அதற்குள் வோல்கர் பின்னால் வந்து திரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேருக்கு இருநூத்தி எழுபதா? இரு, இரு. அடுத்த வண்டியில பாஸுக்கு எடம் இருக்கான்னு பாத்துடறேன்."

என் கையை விலக்கிவிட்டு அவன் தேடினான். அடுத்த வண்டியிலும் இல்லை. அவன் திரும்பப் பத்து ஏழு வண்டிக்கு வந்தபோது அதன் விற்பனை முடிந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வண்டி மெதுவாக நகர்ந்தது. ஜன்னல்களில் ஆளில்லாத இருக்கைகள் வரிசையாகப் போயின.

"பாத்தியா, பாதி காலி" என்றான். அந்த நேரத்திலும் அவனுக்குத் தான் சொன்னது சரி என்பதுதான் பெரிதாகப் பட்டது. அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. அடுத்த வண்டி இரண்டு ஏழுக்கு. அதற்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கினேன்.

"எனக்கு?" என்றான்.

"உன்கிட்டதான் பாஸ் இருக்கே."

அவன் கோபப்படவில்லை. முன்பதிவு கேட்காத சின்ன வண்டிகளிலேயே மாறி மாறி வந்து நாளை மாலைக்குள் சேர்ந்துவிடுவதாகச் சொல்லி, அதற்கான வழியை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து குறித்துக்கொண்டான். நான் சொலேனைக் கூப்பிட்டேன்.

"ஏழேகாலுக்குத்தான் வர முடியும்" என்றேன்.

"சரி பெரியம்மா, அம்மாகிட்டச் சொல்றேன்" என்றாள்.

ஏழேகாலுக்குப் பெர்பின்யானில் இறங்கினேன். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சொலேன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்க்காமலேயே என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஆறு மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது உயிர் போய்விட்டதாம். அந்த நேரம் நான் மோன்பெல்லியே பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

சாகும் தறுவாயில் இருப்பவர்களை வைத்துப் பார்க்கும் அந்த இல்லத்தின் தாழ்வாரத்தில் அவள் மீதியைச் சொன்னாள்.

"காலையிலேர்ந்து வலிக்குப் போடற ஊசி வேண்டாம்னுட்டாங்க, பெரியம்மா. ஊசி போட்டா அவங்களுக்கு உடனே தூக்கம் வந்துரும். கெர்லிண்டே வர்றப்ப நான் முழிச்சிருக்கணும், தூங்கிக்கிட்டு இருந்தா அவளுக்குக் கோவம் வரும்னாங்க. மூணு மணிதானே, தாங்கிக்கலாம்னாங்க. நீங்க போன் பண்ணதும் நான் கெஞ்சினேன், அம்மா ஏழேகால் ஆயிடும், இப்பப் போட்டுக்கலாம்னு. கேக்கல. ஏழேகால்வரைக்கும் இருந்துருவேன்னாங்க."

"ரொம்ப வலியா?"

"பக்கத்து ரூம்காரங்க எல்லாம் கதவ மூடிட்டாங்க."

உள்ளே போனேன். முகத்தைத் துடைத்து, தலை சீவி, கையை மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். கல்லறை வாசலில் பார்த்ததற்குப் பிறகு அவளை இப்போதுதான் பார்க்கிறேன். பாதியாகச் சுருங்கியிருந்தாள். கீழுதட்டில் பல் ஆழமாக இறங்கிய தடம் இருந்தது. எத்தனை துடைத்தும் அதை மறைக்க முடியவில்லை. அம்மாவைத் துடைத்த இந்தக் கையால் அந்த உதட்டைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொலேன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"காலையில என்ன ஆச்சு, பெரியம்மா? வண்டிய ரத்து பண்ணிட்டாங்களா?"

"ஆமா" என்றேன். "ரத்து பண்ணிட்டாங்க."

அவள் குனிந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். "அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.