அளவுக்கு நின்ற ஆள்

பேராயர் ஞானதாசன் அங்கி மாட்டிய பிறகும் பாறை ஆராய்ச்சியை விடாதவர். மலை மலையாக ஏறி அவர் எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களை ஸ்கேன் செய்வது என் வேலை. அவருக்கு நூற்றாண்டு விழாவாம், சபை காட்சியறை திறக்கப்போகிறது.

பாறையின் உயரம் தெரிவதற்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவது அந்தப் படிப்பின் வழக்கம். எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான், அவருக்கு மூட்டை சுமந்த மாசிலாமணி. பாறையைப் பார்த்து நில் என்று சொல்லியிருப்பார் போல, எதிலும் முதுகுதான் தெரிந்தது. படத்தின் பின்னால் முத்து முத்தான கையெழுத்தில், ‘அளவுக்கு ஆள்: ஐந்தடி மூன்றங்குலம்.’ பெயர் எழுத மட்டும் மை தீர்ந்துபோயிற்றாக்கும்.

மாசிலாமணியின் மகள் செல்லத்தாய் தினமும் இரணியலிலிருந்து பஸ் ஏறி வருவாள். அறுபது வயதாகப்போகிறது, அப்பன் முகம் பார்த்ததில்லை. அவள் வயிற்றில் இருந்தபோதே அவர் ஓடிப்போய்விட்டதாகப் பேராயரே சபையில் அறிவித்தாராம். பதிவேட்டிலும் பெயரை அடித்துவிட்டார்கள்.

“எங்கம்மை சாவது வரைக்கும் அவரு ஓடல்லன்னுதான் சொன்னா. அப்பாக்க மொகத்த ஒருதடவ பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும் மக்களே,” என்பாள்.

கடைசிப் பெட்டியில் முகம் கிடைத்தது. கீரிப்பாறை, ஆகஸ்ட் 1966. மாசிலாமணி மல்லாந்து கிடந்தார், இடுப்புக்குக் கீழே சரிந்த பாறை. பின்னால் அதே கையெழுத்து: ‘சரிவுக்குப் பின். அளவுக்கு ஆள், தெரியும் பகுதி இரண்டடி ஏழங்குலம்.’ பாவி மனுஷன், செத்தவனையும் அளந்திருக்கிறார். கீழே இறங்கி வந்து, அவன் ஓடிப்போனான் என்றும் சொல்லியிருக்கிறார்.

செயலாளர் செல்வதாஸ் சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விழா நல்லபடியாக முடியட்டும் என்றார், என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

“மொகத்த மட்டும் வெட்டிக் குடு, ஷைஜா. அவளுக்கு அது போரும்.”

வெட்டினேன். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

செல்லத்தாய் படத்தை வாங்கி, மூடிய கண்களை விரலால் தொட்டாள். உறங்குகிறாரா என்று கேட்டாள். ஆமா என்றேன். எப்போது எடுத்தது என்று கேட்டாள். அறுபத்தாறு ஆகஸ்ட், நீங்கள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என்றேன். சபையில் ஓடிப்போனதாகச் சொன்ன அதே மாதம் என்பது அவளுக்கே தெரிந்திருக்கும்.

அவள் முகம் மெல்ல மாறியது.

“எங்கம்மைய வயித்துப் பிள்ளையோட விட்டுட்டு வந்து, எம்புட்டு நிம்மதியா உறங்குதான் பாரு. அவதான் பொய்யக் கெட்டிப்பிடிச்சிட்டு செத்திருக்கா.”

படத்தை நாலாகக் கிழித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். வாசல் கேட்டைத் தாண்ட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பி வந்திருப்பாள். நான் கொடுக்கவில்லை.