ஞாயிற்றுக்கிழமைத் தூரம்

என் கணவருக்கு எல்லா ஊரும் இருபது நிமிடம்தான். அம்பிட்டிய இருபது நிமிடம். கட்டுகஸ்தோட்டை இருபது நிமிடம். கடுகண்ணாவை கூட இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இப்படிச் சொல்லுவார். நான் சின்னவள் மதுஷாவின் பால் போத்தலைக் கழுவிக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும்.

கண்டி டவுனில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இரண்டு அறைகளில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம், மாடியைக் கேட்டுவிட்டார்கள். டவுனுக்குள் இன்னொரு வீடு எடுக்க எங்களால் முடியாது. சுற்றுப்புறத்தில் ஏதாவது ஓர் ஊருக்குப் போகத்தான் வேண்டும். எந்த ஊர் என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு எவ்வளவு சின்னக் கேள்வி! அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு பிடி சோறு சாப்பிடவில்லை.

என் கணவர் கிருஷாந்தன் பிஸ்கட் கம்பெனி ஒன்றில் ரெப். கடை கடையாகப் போய் ஓடர் எடுப்பது அவர் வேலை. நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குகிறேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, பரீட்சையில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை எடுத்த வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. அலுவலக வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. எட்டரைக்குள் வைத்தால் பச்சை, பிந்தினால் சிவப்பு. சிவப்பு கூடினால் நிரந்தரமாக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த இயந்திரத்துக்கு ஏது பிள்ளைகுட்டி?

காலையில் மூத்தவன் திலக்ஷனை ஸ்கூலில் விடுவது நான். அவன் இந்த வருடம்தான் முதலாம் வகுப்பில் சேர்ந்தான். டவுனில் தமிழ்ப் பாடசாலையில் இடம் கிடைக்க நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் அது வேறு கதை. மதுஷாவை டே கெயாரில் விடுவதும் நான். எல்லாம் நடக்கிற தூரம் என்பதால் இதுவரை சமாளித்துவிட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் இந்த இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் வரப் போகிறவள் நான். இதை நான் சொல்லாமல் இருந்திருந்தால் தப்பு என்னுடையது. சொன்னேன். பத்துத் தடவையாவது சொன்னேன். "பார்த்துக்கலாம் சஞ்சி" என்றார்.

வீடு காட்டுகிற தரகர்கள் எல்லோருக்கும் ஒரு சிங்களச் சொல் உண்டு: "லங்கய்." கிட்டத்தான் என்று அர்த்தம். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் என்ற வகையில் சொல்கிறேன், தரகர் வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. அம்பிட்டியவில் "ரோட்டுக்கு லங்கய்" என்று ஒருவர் காட்டிய வீட்டுக்கு, மதுஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினேன். ஏறினேன், ஏறினேன், ஏறிக்கொண்டே இருந்தேன். மேலே போனதும் தரகர், "பாருங்கள், முழு டவுனும் தெரிகிறது" என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார். தெரியாமல் இருக்குமா?

அதற்கடுத்த ஞாயிறு கடுகண்ணாவை. வீட்டுச் சொந்தக்காரர் மோகனராஜ், ஓய்வு பெற்ற கிளார்க். நல்ல மனிதர். வீடும் நல்ல வீடு, அதை மறுக்கவில்லை. முன்னால் பூச்செடிகள், பின்னால் பள்ளத்தாக்கு, மூன்று அறை, குளியலறையில் சுடுதண்ணீர். மெயின் ரோட்டுக்குக் கீழே இறக்கத்தில் இருந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் இருட்டோடு எழுந்து இரண்டு பிள்ளைகளுடன் அந்த மேட்டை ஏறி ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வேண்டும். கிருஷாந்தன் முற்றத்தில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"காத்தப் பாரு சஞ்சி! டவுன்ல இந்தக் காத்து கெடைக்குமா?"

"காத்து எத்தனை மணிக்கு என்னை ஆபிஸ்ல எறக்கி விடும்?" என்றேன்.

மோகனராஜ் சிரித்தார். கிருஷாந்தன் சிரிக்கவில்லை.

மூன்றாவது, கட்டுகஸ்தோட்டை. வீட்டுக்கார அம்மாவின் பெயர் ஆஸியா உம்மா. ரோட்டோரத்தில் அவர் வீட்டோடு ஒட்டிய பகுதி. ஓர் அறைச் சுவரில் ஈரம் ஊறியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை. லொறி போகும்போதெல்லாம் அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கிருஷாந்தன் வாசலைத் தாண்டும் முன்பே முகத்தைச் சுளித்துவிட்டார். ஆஸியா உம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வேலக்கி எத்தன மணிக்கி போய்ச் சேரோணும் மகள்?"

எட்டரைக்கு என்றேன்.

"அப்ப வெள்ளன எறங்கோணும். பாலத்துல ஸ்கூல் டைமுக்கு வாகனம் அசையாது, பொய் சொல்ல மாட்டேன். என்ட மகன் ஸமீம் ஸ்கூல் வேன் ஓட்டுற. உங்கட மகன அவன் டவுனுக்குக் கொண்டு போய் உட்டுருவான். சின்னவளோட மட்டும் நீங்க பஸ்ஸுல போங்களே."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீடு தேடத் தொடங்கியதிலிருந்து தரகர், சொந்தக்காரர், சொந்தக்காரரின் மனைவி, என் கணவர் என்று எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். இந்த ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கிருஷாந்தன், "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்றார்.

"பார்க்கவா வாறோம்? வாழ வாறோம்."

"சரி சரி, யோசிப்போம்" என்றார். அவர் யோசித்தது எனக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது.

புதன்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. மோகனராஜ்.

"தங்கச்சி, ரூமுக்கு எந்தக் கலர் பூசட்டும்? தம்பிகிட்ட கேட்டா, ஒங்ககிட்டயே கேக்கச் சொல்லுறாரு."

"எந்த ரூமுக்கு?"

"ஒங்க ரூமுக்குத்தான்! அடுத்த மாசம் வாறதா தம்பி சொல்லிட்டாரே. நீங்க வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கப் போறீங்கன்னும் சொன்னாரு. எங்க வீட்டம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பகல்ல பேச்சுத் துணைக்கு ஆள் கெடைச்சாச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. போனை வைத்த பிறகு முன்னால் கிடந்த சுற்றறிக்கையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தும் மண்டைக்குள் போகவில்லை. வேலையை விடுவது நான். அது பெயிண்ட் அடிக்கிறவன் வரைக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

வீட்டுக்குப் போய், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"நான் எப்போ வேலைய விட்டேன்?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "முடிவா ஒண்ணும் சொல்லல சஞ்சி. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஒரு பேச்சுக்கு யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டாங்க."

"ரெண்டு வருஷம்தானே. மதுஷா ஸ்கூல் போற வரைக்கும். பிள்ளைங்களுக்கு நல்ல காத்து, நல்ல எடம். நீயும் ஓடி ஓடிக் களைச்சுப் போற. ஒனக்காகத்தானே சொல்லுறேன்."

எனக்காக! இதைக் கேட்டதும்தான் மண்டையில் ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் எப்படி விட்டேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"கடுகண்ணாவைலருந்து மாவனல்லைக்கு எவ்வளவு நேரம்?"

அவர் தன் தட்டில் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

"ஒங்க கடையெல்லாம் மாவனல்லைப் பக்கம்தானே? கணவாய் எறங்குனா மொதல் கடை. எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அது ஒன்றுதான் உண்மையான இருபது நிமிடம். மற்ற இருபதுகளெல்லாம் எனக்குச் சொன்னவை.

அன்றைக்கு நான் கத்தினேன். கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். கத்தி முடித்த பிறகு சொன்னேன்: "திங்கக்கிழமை லீவு போடுங்க. கடுகண்ணாவைலருந்து பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நீங்க பஸ்ல வாங்க. நானும் வாறேன். என்னை எட்டரைக்குள்ள ஆபிஸ்ல கொண்டு போய் விட்டுட்டா, நான் வேலைய விடாமலே கடுகண்ணாவைக்கு வந்துருறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

இருபது நிமிடக்காரர் அல்லவா, உடனே சரி என்றார்.

திங்கட்கிழமை இருட்டிலேயே த்ரீவீலர் ஒன்றில் கடுகண்ணாவைக்குப் போனோம். ட்ரைவருக்கு ஒரே குழப்பம். யார் வீட்டுக்கு என்று சிங்களத்தில் கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை, பஸ் ஹோல்டுக்கு என்றேன். அங்கே இறங்கி எங்கே போவீர்கள் என்றார். திரும்பிக் கண்டிக்கு என்றேன். மனிதர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் ஹோல்டில் எல்லாவற்றையும் கிருஷாந்தன் கையில் கொடுத்தேன். இடுப்பில் மதுஷா, ஒரு தோளில் ஸ்கூல் பேக், மறு தோளில் டே கெயார் பேக், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் திலக்ஷன். நான் ஹேண்ட்பேக்கோடு நாலடி தள்ளி நின்றேன். முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது பஸ் நிற்பது போல வந்து நிற்காமல் போனது. எல்லாம் கீழேயிருந்து நிறைந்து வருகிற பஸ். மூன்றாவதில் எப்படியோ தொற்றிக்கொண்டார்கள். நான் பின் கதவால் ஏறினேன்.

"இஸ்ஸரஹாட்ட! இஸ்ஸரஹாட்ட!" என்று முன்னால் போகச் சொல்லிக் கண்டக்டர் கத்திக்கொண்டே இருந்தான். முன்னால் போவதற்கு ஒரு சாண் இடம் இல்லை. யாரோ ஒரு பெண் மதுஷாவை மடியில் வாங்கிக்கொண்டாள், குழந்தை வீறிட்டு அழுதது. பிலிமத்தலாவை வருவதற்குள் திலக்ஷனின் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகம் எனக்குத் தெரியும். பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன், பெற்ற மனம் கேட்குமா? ஹேண்ட்பேக்கில் எப்போதும் வைத்திருக்கிற ஷொப்பிங் பேக்கை எடுத்துத் தலைகளுக்கு மேலால் கை மாற்றி அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டான், தகப்பனின் காற்சட்டையில், சப்பாத்தில், பக்கத்தில் நின்றவரின் குடையில். கிருஷாந்தன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பேராதனையில் பஸ் நின்றது. நின்றது என்றால், ட்ரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேப்பர் விரிக்கிற அளவுக்கு நின்றது. கூட்டத்துக்கு நடுவில் கிருஷாந்தன் என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. என் பிள்ளை அங்கே ஈரச் சட்டையோடு நிற்கிறான், என் வேலை இங்கே போய்க்கொண்டிருக்கிறது. இதில் ஜெயித்து யாருக்கு என்ன?

ஸ்கூல் வாசல் கேட் மூடியிருந்தது. பிந்தி வந்த பிள்ளைகளின் வரிசையில் திலக்ஷன் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றான். கிருஷாந்தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். மதுஷாவை டே கெயாரில் விட்டோம். அவள் அவர் கழுத்தை விடமாட்டேன் என்றாள். விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அலுவலக வாசலுக்கு வந்தபோது எட்டரை எப்போதோ போய்விட்டது. அவர் முன்னாலேயே விரலை வைத்தேன். இயந்திரம் வழக்கம் போல இங்கிலீஷில் மரியாதையாக நன்றி சொல்லி, சிவப்பு விளக்கைக் காட்டியது. மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க், பிந்தியதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார். என்ன எழுதுவது? என் கணவருக்கு இருபது நிமிடம் என்றால் என்னவென்று காட்டப் போனேன் என்றா?

கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள்தானே..." என்று தொடங்கினார் கிருஷாந்தன். பாதியில் நிறுத்திக்கொண்டார். வாசல் படியில் உட்கார்ந்தார். காற்சட்டையில் வாந்தி காய்ந்து கிடந்தது. போனை எடுத்தார்.

"மோகனராஜ் அண்ணே... பெயிண்ட் அடிக்க வேணாம். மன்னிச்சுக்கங்க. ஆமா... இல்ல, அவ வேலைய விடல. நான்தான் கேக்காம சொல்லிட்டேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டார். "அந்த ஆஸியா உம்மாவுக்குச் சொல்லிரு" என்றார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினேன்.

"சஞ்சி" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். குரலில் பாவமும் இருந்தது, முறைப்பாடும் இருந்தது. "கட்டுகஸ்தோட்டைலருந்து மாவனல்லைக்குப் போறதுன்னா எனக்கு டெய்லி எவ்வளவு நேரமாகும், தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "இருபது நிமிஷம். ஞாயித்துக்கெழமைல."