மேர்லினின் மதிலும் அருளப்புவின் நாடாவும்

மேர்லின் தான் ஆராய்ந்த எண்ணை விஞ்சிய எண் என்று நிறுவிய செவ்வாய்க்கிழமை, கல்லடியில் அவளுடைய சீதன வளவின் வடக்கு மதில் அந்த எண்ணின் நீளத்துக்கு மாறிக்கொண்டது. பார்வைக்கு முன்போலவே இருபது மீற்றரும் சொச்சமும்தான்.

விஞ்சிய எண் பெரிய மர்மமில்லை. இரண்டின் வர்க்கமூலமும் தசமத்தில் முடியாதுதான். ஆனால் அதை அதாலேயே பெருக்கினால் இரண்டாகிப் பிடிபட்டுவிடும். மேர்லினின் எண்ணோ, முழு எண்களையும் அடுக்குகளையும் வைத்து எந்தச் சமன்பாடு எழுதினாலும் அதற்கு விடையாக வராது. பன்னிரண்டு வருட உழைப்பில் அவள் காட்டியது இதைத்தான். பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பூங்கொத்தும், பெயர் பிழையாக அச்சடித்த சான்றிதழும் கொடுத்தார்கள்.

வளவின் உறுதிப் பத்திரம் அவள் பெயரில் பதிந்தால்தான் அன்ரோவுக்கும் அவளுக்கும் கலியாணம் என்று அன்ரோவின் தாய் பீற்றிஸ் சொல்லிவிட்டாள். பதிவு விண்ணப்பத்தில் மதிலின் நீளம் ‘இருபது’ என்று எழுதியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். மேர்லின், முடிவில்லாத எண் என்ற உண்மையை எழுதினாள். தசமத்தை வெட்டி மட்டந்தட்ட விதியில் இடமில்லை என்று காணிப் பதிவு அலுவலகம் நில அளவையாளர் அருளப்புவை அனுப்பியது. அவர் அளவு நாடா பிடித்து நாளுக்கு ஒரு தசம இலக்கம் கண்டார். ஒரு இலக்கத்துக்கு ஒரு தாள் என்பது சுற்றறிக்கை. மூன்றாம் வருடம், ஒன்றோடொன்று ஒட்டிய தாள்கள் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வாவியின் அக்கரையில் புளியந்தீவில் ஏறின.

"முடியாத மதிலெண்டா முடியாத வளவுதானே புள்ள?" என்றாள் பீற்றிஸ்.

"எழுதத்தான் முடியாது மாமி. மதில் அந்தா, முருங்கையடியில முடியிது."

"அப்ப ஏன்கா அந்த மனிசன் இன்னும் அளக்கிறார்?"

மேர்லின் நாடாவின் மறுநுனியைப் பிடிக்கப் போனாள். ஒரு அரசியல்வாதி அந்த முடியாத வளவில் முந்நூறு வீடு கட்டித்தருவதாக அறிவித்து, வளவு வாசல் ஒழுங்கையில் அடிக்கல்லும் நட்டார்.

கடைசியில் மேர்லின் தாயின் பழைய உறுதியை எடுத்துப் பார்த்தாள். அதில் எண்ணே இல்லை: மேற்கே வாவி, கிழக்கே ஒழுங்கை, வடக்கே மதிலும் முருங்கையும், தெற்கே கோயில் காணி. அவள் சிரித்துவிட்டாள். சமன்பாட்டில் பிடிபடாத எண்ணையும் எண்கோட்டில் அது நிற்கும் இடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். அவளுடைய நிறுவலே அப்படித்தான் தொடங்கியது. உறுதி எழுதும் நொத்தாரிசு நான்கு எல்லைகளையும் எழுதி, நீளம் கேட்ட கட்டத்தில் ‘இணைப்பைப் பார்க்க’ என்று போட்டார். இணைப்பு, அந்தத் தாள் வரிசை, பாலத்தில் கிடந்தது. ஒரு மணித்தியாலத்தில் பதிந்தார்கள். தை மாதம் கலியாணம் நடந்தது.

அருளப்புவை நிறுத்தச் சொல்லி இன்னும் கடிதம் வரவில்லை. பாலத்தால் போகிறவர்கள் அன்றைய இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேற்று நான்கு.