கோர்வைக்கு ஓர் ஆள்

ஆரணியில் ஒரு பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் தறி விளையாடுவார்கள். இரண்டு பெஞ்சுக் கால்களுக்கு நடுவே நூலைக் கட்டி, பென்சில் டப்பாவைக் குறுக்கு நூல் இழுத்தோடும் நாடாவாக ஓட்டுவார்கள். கோர்வைப் பட்டு என்றால் சேலையின் உடலை நெய்ய இந்தப் பக்கம் ஒருவர், கரையைக் கோர்க்க அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும். அன்று ஸ்வர்ணலதாவின் தறிக்கு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

பட்டப்பெயர் வைப்பதில் அவள் கெட்டிக்காரி. அதுதான் வினை. ‘ஒட்டடைக்குச்சி’ விக்னேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ‘பூசணி’ ஹேமலதா எழுந்தே போய்விட்டாள். மிச்சமிருந்தவள் வெம்பாக்கத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பெண் மட்டும்தான். அவள் மெதுவாக எழுதுவாள்.

“ஏய் நத்தை, கரை போட வர்றியா?”

“பேரு சொல்லிக் கூப்டு, வரேன்.”

பத்து நாளாக ஸ்வர்ணலதா அவளை நத்தை என்றே கூப்பிடுகிறாள், பெயரைக் கேட்டதே இல்லை. மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான்.

“உன் பேரு இன்னா?”

“கலைமகள்.”

“கலைமகள், வர்றியா?”

கலைமகள் சாவகாசமாக வந்து எதிரே உட்கார்ந்தாள். “நானும் உனக்கு ஒரு பேரு வெச்சிருந்தேன். மனசுக்குள்ள.”

“இன்னா பேரு? சொல்லுடீ!”

“இனிமே சொல்லமாட்டேன்.”

ஓட்டைவாயா? கொட்டாங்குச்சி மூஞ்சியா? ஸ்வர்ணலதா ஒவ்வொன்றாகத் தனக்கே வைத்துப் பார்த்தாள். எல்லாமே பொருந்தின, எல்லாமே சுருக்கென்று குத்தின.

“இன்னாடீ யோசிச்சிகினு கீற?” என்றாள் கலைமகள். “நாடாவ வுடு!”